நான் இல்லாமல் பிறந்த மகள்

சுபா என்னைத் தன் பயிற்சி வகுப்புக்கு வந்து பேசச் சொல்லித்தான் கேட்டாள். அங்கே படிக்கிறவர்கள் பிரசவத் துணையாகப் போவதற்குப் பழகும் பெண்கள். இங்கே அவர்களை டூலா என்பார்கள். டொக்டருமில்லை, நேர்ஸுமில்லை, மருத்துவிச்சியுமில்லை. ஊசி போட மாட்டார்கள், பிள்ளையை எடுக்க மாட்டார்கள். பெறுகிறவளுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் அவர்கள் வேலை. அதிலும் சுபா படிப்பிப்பது, முன்பு ஏதோ ஒன்றில் அடிபட்டுப் பயந்துபோன பெண்களுக்குப் பக்கத்தில் எப்படி நிற்பது என்பதை.

"ஆக்களுக்கு முன்னால எழும்பி நிண்டு கதைக்க என்னால ஏலாது. வேணுமெண்டால் எழுதித் தாறன்" என்றேன்.

"எழுதுங்கோ அக்கா. ஆனால் நல்ல பிள்ளை மாதிரி எழுதாதேங்கோ."

அந்தக் கவலை அவளுக்கு வேண்டாம். என் வாய் எப்படிப்பட்டதென்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு டவுன்ஹவுஸில் இருக்கிறோம். கணவர் ரமணன் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவருடைய அம்மா, அதாவது என் மாமி, எங்களோடுதான் இருக்கிறார். மகள் மிதுனாவுக்கு ஆறு வயது. என் அம்மா ஊரிலேயே இறந்துபோனார், நான் கனடாவுக்கு வந்த அடுத்த வருடம். இவ்வளவுதான் என் ஆட்கள்.

மிதுனா பிறந்த நாளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது ஒன்றும் விளங்காது. அன்றைக்குக் கடைசி நேரத்தில் பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்கிவிட்டது. அறைக்குள் ஆட்கள் வந்து நிறைந்தார்கள். எல்லோரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள், என் பிள்ளையைக் காப்பாற்றித் தந்தார்கள், அதில் எனக்கு ஒரு குறையுமில்லை. காலைப் பிடிக்கச் சொன்னார்கள். ரமணன் ஒரு பக்கம் பிடித்தார், மாமி மற்றப் பக்கம். எங்கள் ஆட்களுக்கு உதவி என்றால் பிடிப்பதுதானே? நோவில் துடிக்கிறவளை எவ்வளவுக்கு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவுக்கு அன்பு. நான் கத்தினேன். டொக்டர் ஆண். மாமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. குனிந்து என் காதுக்குள் சொன்னார், "சத்தம் போடாதை பிள்ளை, டொக்டர் நிக்கிறார்."

சத்தம் போடாதை என்ற இதே வார்த்தையை என் அம்மாவும் என் காதுக்குள் சொல்லியிருக்கிறார். அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ஊரில் சண்டை முடிந்து நாங்கள் வெளியே வந்த நேரம், சேலை கட்டி மறைத்த ஓரிடத்தில் எங்களைச் சோதிக்கவென்று ஆமிக்காரர் நிறுத்தினார்கள். அங்கே நடந்ததை இதில் எழுதப் போவதில்லை. சத்தம் போட்டால் இன்னும் மோசமாகும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, அதனால் சொன்னார். நானும் போடவில்லை.

மாமி அப்படிச் சொன்னவுடன் நான் போய்விட்டேன். எங்கே போனாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உடம்பு கட்டிலில் கிடந்தது, நான் அதற்குள் இல்லை. மிதுனாவை என் நெஞ்சில் வைத்தார்களாம். நான் சிரித்தேனாம். படம் இருக்கிறது, பல்லெல்லாம் தெரியத்தான் சிரிக்கிறேன். அவளுடைய முதல் அழுகை, தலையின் ஈரம், எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாள் என்பது எல்லாம் ரமணனிடம் இருக்கிறது, மாமியிடம் இருக்கிறது, போனில் இருக்கிறது. என்னிடம் இல்லை. அதற்குப் பிறகும் கன நாளாய் அவளை அயல்வீட்டுப் பிள்ளையைப் போலத்தான் பார்த்தேன். பால் கொடுத்தேன், குளிப்பாட்டினேன், ஒரு பிழையும் விடவில்லை. அவள் தவழத் தொடங்கிய பிறகு ஒருநாள் சோபாவைப் பிடித்து எழும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்குத்தான் ஐயோ இது என்ர பிள்ளையல்லோ என்று எனக்குத் திடீரென்று உறைத்தது.

பிறகு வந்தது ஏக்கம். சாதாரண ஏக்கமா அது? பஸ்ஸில் தாய்மார் கைக்குழந்தையோடு மூத்ததை ஏற்றிவிட வருவார்கள். அந்தக் குழந்தையின் உச்சியை அவர்கள் முகர்வதைக் கதவை மூட மறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். என் பிள்ளை வீட்டில் இருக்கிறாள், சுகமாக இருக்கிறாள், இருந்தும் அவளுடைய அந்த முதல் நாளுக்காக ஏங்கிக்கொண்டே இருந்தேன். பிறந்தநாள் வரும்போதெல்லாம் மிதுனா தன் கதையைக் கேட்பாள். நான் கதை கட்டுவேன்.

அதனால் இரண்டாவது வயிற்றில் தங்கியபோது எனக்கு ஒரேயொரு ஆசைதான். ஆணோ பெண்ணோ, கறுப்போ வெள்ளையோ, அது பிறக்கும்போது நான் அங்கே இருக்க வேண்டும்.

கிளினிக்கில் பிரஷர் பார்க்கக் கையில் பட்டி சுற்றும்போது நான் துள்ளி விழுவதை ஒரு நேர்ஸ் கவனித்திருக்கிறாள். முந்தி ஏதும் நடந்ததா என்று பதமாகக் கேட்டாள். ட்ரோமா, அதாவது மனதில் பட்ட காயம், என்ற வார்த்தையும் வந்தது. "எனக்கு ட்ரோமாவும் இல்லை, அலர்ஜியும் இல்லை" என்று வெட்டிவிட்டு வந்தேன். பிரசவத் துணைக்கென்று அவள் எழுதித் தந்த நம்பரை நான் காரிலேயே போட்டுவிட்டேன். ரமணன் அதை எடுத்து வைத்திருந்து, எனக்குச் சொல்லாமல் போன் பண்ணியிருக்கிறார். அந்த மனிசன் அதிகம் பேசாது. ஆனால் மிதுனா பிறந்த அன்றைக்கு என் கண்களைப் பார்த்தது அவர்தான்.

அப்படித்தான் சுபா வீட்டுக்கு வந்தாள். நாலு வயதில் இங்கே வந்தவள், ஸ்காபரோவில் வளர்ந்தவள். அவளுடைய தமிழும் அந்த நாலு வயதோடு நின்றுவிட்டது போலிருக்கும். கதவைத் திறந்து "வாங்கோ" என்ற பிறகும், "உள்ளுக்கு வரட்டோ அக்கா?" என்று கேட்டாள். "எங்க இருக்கட்டும்?" என்றாள். வயிற்றைப் பார்த்துவிட்டு, "நான் தொடட்டோ? வேண்டாமெண்டால் வேண்டாம்" என்றாள்.

மாமிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவள் போன பிறகு, "உதென்ன பிள்ளை உது! தேத்தண்ணி குடிக்கவும் கேப்பாள் போல கிடக்கு. நாங்கள் எல்லாம் கேட்டுக் கேட்டோ பிள்ளை பெத்தனாங்கள்?" என்றார். எனக்கும் அன்றைக்கு அவள் ஒரு பைத்தியம் போலத்தான் பட்டாள்.

ஆனால் ஒன்று சொன்னாள், அதுதான் என்னை மடக்கியது. என்ன நடந்ததென்று கேட்கப் போகிறாள், நான் எழும்பிப் போகப் போகிறேன் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவேயில்லை. "என்ன நடந்தது எண்டு எனக்குச் சொல்லத் தேவையில்லை அக்கா. என்ன செய்யக்கூடாது எண்டு மட்டும் சொல்லுங்கோ."

இத்தனை வருடத்தில் அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. அடுத்தமுறை வந்தபோது, தேங்காய்ப்பூ திருவிக்கொண்டே, "என்னைப் பிடிக்கக் கூடாது" என்றேன். அவள் தலையாட்டினாள். அதற்கடுத்த தரம், "சத்தம் போடாதை எண்டு சொல்லக் கூடாது" என்றேன். அதைச் சொல்லி முடிக்கும்போது கண்ணீர் வந்துவிட்டது. அவள் கையை நீட்டவில்லை, கண்ணைத் துடைக்க வரவில்லை. பக்கத்தில் சும்மா இருந்தாள். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"சரி, ஆஸ்பத்திரியில நீர் இதையெல்லாம் டொக்டருக்குச் சொல்லிப்போடும்" என்றேன்.

"இல்லை அக்கா. நான் உங்களுக்காகக் கதைக்க மாட்டன். எங்களுக்கு அது ரூல். நீங்கள்தான் சொல்லோணும். நான் பக்கத்தில நிப்பன்."

"பிறகென்ன மண்ணாங்கட்டிக்கு வாறீர்?"

கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், சிரித்தாள். தனக்காகத் தானே கதைப்பது எங்கள் ஆட்களுக்கு விளங்காத விஷயம். நாங்கள் டொக்டரிடம் போனால் வருத்தக்காரரைத் தவிர மற்ற எல்லோரும் கதைப்போம். மாமிக்கு எங்கே நோகிறது என்று ரமணன் சொல்லுவார். ரமணனுக்கு எங்கே நோகிறது என்று நான் சொல்லுவேன். எனக்கு நோகிறதென்றால் மாமி சொல்லுவார். டொக்டர் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருவோம். டொக்டரிடம் ஒருவர் மாட்டேன் என்று சொல்வதோ!

"நீங்கள் பஸ்ஸில ஸ்டொப் பலகையை வெளிய நீட்டினால் என்ன நடக்கும்?" என்று கேட்டாள் சுபா.

"ரெண்டு பக்கமும் எல்லா வாகனமும் நிக்கோணும். நிக்காட்டில் நான் ஹோர்ன் அடிச்சுக் கிழிச்சுப்போடுவன்."

"ட்ரக்குக்காரனும் நிப்பானோ?"

"அவன்ர அப்பனும் நிப்பான்."

"டொக்டர் எண்டால் மட்டும் ஏன் அக்கா ஏலாது?" என்றாள்.

எட்டாம் மாதத்தில் ஒருநாள் பின்னேரம், கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கண்ணாடியில் வெள்ளி வெள்ளியாக ஏதோ பறந்தது. வெயில் என்று நினைத்தேன். வெயிலே இல்லை. காலையில் இருந்து தலையிடி வேறு. விரல்கள் வீங்கிக் கலியாண மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. பஸ்ஸை ஓரமாக நிறுத்தி ரேடியோவில் சொன்னேன். வேறொரு ட்ரைவர் வந்து எடுத்துப் போனார். ரமணன் வேலையில் இருந்து நேரே வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பிரீஎக்லம்ப்சியா என்றார்கள். நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன். கர்ப்பத்தோடு வருகிற ஒரு பிரஷர் வருத்தம் அது. பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கிற நச்சுக்கொடியில் தொடங்கும் குழப்பம், தாயின் இரத்தக் குழாய்களை இறுக்கும். பிரஷர் ஏறும், புரதம் சிறுநீரோடு போகும், ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். கவனிக்காமல் விட்டால் தாய்க்கு வலிப்பு வரலாம். மருந்தால் கொஞ்ச நாளைக்குத் தாக்காட்டிச் சமாளிக்கலாம். வருத்தம் சுகமாவதென்றால் பிள்ளை பிறக்க வேண்டும். பிள்ளைக்கோ இன்னும் காலம் இருந்தது. என்னை வார்டில் படுக்கவைத்துக் காலத்தைத் தள்ளிப் பார்ப்பதென்று முடிவு செய்தார்கள்.

ஆஸ்பத்திரி நாட்கள் எப்படியென்றால், பாதி பயம், பாதி அலுப்பு. காலையில் இரத்தம் எடுப்பார்கள். முழு நாளும் கழிக்கும் சிறுநீரை ஒரு பெரிய பிளாஸ்ரிக் போத்தலில் சேர்க்கச் சொல்லித் தந்தார்கள், எவ்வளவு புரதம் போகிறதென்று அளக்க. மாமி அதைக் கண்டுவிட்டு, தோடம்பழச் சாறாக்கும் என்று எடுத்துப் பார்க்கப் போனார். நான் அலறிய அலறலில் நேர்ஸ் ஓடிவந்தாள். மனம்விட்டுச் சிரித்தது அந்த வார்டில் அன்றைக்குத்தான்.

மற்றது அந்தப் பட்டிகள். பிள்ளையின் துடிப்பைக் கேட்க வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டி கட்டுவார்கள். நோகாது. ஆனால் கட்டிவிட்டு அசையாமல் படுக்கச் சொன்னவுடன் எனக்கு மூச்சு முட்டத் தொடங்கிவிடும். கட்டுவதற்கு முன் சொல்லுங்கள், நானே கட்டுகிறேன் என்று கேட்கலாம் என்றாள் சுபா. கேட்கலாம்தான். நேர்ஸ் வந்து நின்றால் என் வாய் பூட்டிக்கொள்ளும். ட்ரக்குக்காரனைக் கிழிக்கிற வாய்!

சுபா ஒரு வழி சொன்னாள். சாப்பாட்டுத் தட்டு கொண்டுவருகிற மனிதரிடம் முதலில் சொல்லிப் பழகிப் பாருங்கோ என்றாள். அவர் பாவம், யாரோ வயதான கரிபியன் மனிதர், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருவார். அவர் கதவடியில் வந்தவுடன் நான் கையை உயர்த்தி "வெயிட்" என்றேன். ஜெல்லியும் சூப்பும் கையில், மனிதர் திடுக்கிட்டு அப்படியே நின்றார். "ஓகே, கம்" என்றேன். வந்தார். அடுத்த வேளையும் அதையே செய்தேன். பிறகு பிறகு அவரே கதவடியில் நின்று, "பொஸ், நான் வரட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்கத் தொடங்கிவிட்டார். சிரிக்காதீர்கள், என் பயிற்சி அப்படித்தான் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் நேர்ஸிடம் கேட்டேன். அவள் பட்டியை என் கையிலேயே தந்து, "நீங்களே பிடியுங்கள், நான் இடத்தைக் காட்டுகிறேன்" என்றாள். இவ்வளவு இலகுவான விஷயமா என்று எனக்கு அழுகை வந்தது.

மாமி தினமும் பஸ் மாறி மாறி வந்தார். பிரஷருக்கு ஆகாதென்று உப்பே போடாமல் பயத்தங்காய்க் கறி காய்ச்சிக் கொண்டுவருவார். வாயில் வைக்க முடியாது. நான் முகத்தைச் சுளிக்காமல் சாப்பிடவேண்டும் என்பதற்காக அவரும் அதையே எனக்கு முன்னால் இருந்து சாப்பிடுவார். ஒருநாள் மத்தியானம் பாத்திரத்தை மூடிக்கொண்டே கேட்டார், "உந்தப் பெட்டை என்னைப் பிள்ளைப்பேற்று அறைக்குள்ள வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டாளோ?"

"அவள் சொல்லேல்லை மாமி. நான்தான் சொன்னனான்."

மாமியின் முகம் சுருங்கியது. "நான் என்னம்மா செய்தனான்?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்த வயிற்றோடு, அந்தப் பிரஷரோடு, இதையும் சுமக்க என்னால் முடியவில்லை. "மிதுனா பிறக்கேக்க என்ர காலைப் பிடிச்சுக்கொண்டு, சத்தம் போடாதை எண்டு சொன்னனீங்கள். எனக்கு வேற இடம் ஞாபகம் வந்திட்டுது மாமி. அதுக்குப் பிறகு நான் அங்க இருக்கேல்லை. அவளைப் பெத்தது எனக்குத் தெரியாது."

எந்த இடம் என்று மாமி கேட்கவில்லை. அவரும் அந்த மண்ணில் இருந்து வந்தவர்தானே. மூடிய பாத்திரத்தைப் பைக்குள் வைத்தார். பிறகு சொன்னார், "எனக்கும் அப்பிடித்தானம்மா சொன்னவை. ரமணன் பிறக்கேக்க. வாயில துணியைக் கடிக்கத் தந்தவை. அது நல்லதுக்கெண்டுதான் நான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்." மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். எழும்பி என் கட்டிலடிக்கு வந்து, அவர் வாயிலிருந்து என் வாழ்நாளில் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"தலை இழுத்து விடட்டோ பிள்ளை?"

"ஓம் மாமி" என்றேன். அவர் சிக்கலெடுத்துப் பின்னிவிட்டார். அம்மா போன பிறகு என் தலையை யாரும் பின்னிவிட்டதில்லை. அம்மா, அம்மா என்று உள்ளுக்குள் ஏதோ அடித்துக்கொண்டிருந்தது. அவர் உயிரோடு இருந்திருந்தால் நான் இதை அவரிடமும் சொல்லியிருப்பேனா என்று நினைத்துப் பார்த்தேன். தெரியவில்லை.

அந்தக் கிழமைக் கடைசியில் இரத்த முடிவுகள் கெட்டன. ஈரல் தாங்கவில்லை, இரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள் குறைகின்றன, இனிக் காத்திருக்க முடியாது என்று டொக்டர் வந்து சொன்னார். நோவை மருந்தால் வரவழைப்பார்கள். வலிப்பு வராமல் இருக்க மக்னீசியம் என்றொரு மருந்தைக் கையில் ஏற்றினார்கள். அது ஏறும்போது உடம்பு முழுக்க உள்ளேயிருந்து வேகும். பனி கொட்டுகிற நாளில் எனக்கு வேர்த்து ஊற்றியது. முகம் மரத்து, நாக்குத் தடித்து, கதைப்பதே பாரமாக இருந்தது. எனக்கு அதுதான் பெரிய பயம். வாய் திறக்கப் பழகி முடித்த நேரம் பார்த்தல்லவா வாயைக் கட்டுகிறார்கள்!

சுபா காலையிலேயே வந்துவிட்டாள். ரமணனிடம், "அண்ணா, கையை நீட்டிக்கொண்டு இருங்கோ, பிடிக்காதேங்கோ. அக்கா வேணுமெண்டால் பிடிப்பா" என்று சொல்லிவைத்தாள். அவர் உள்ளங்கையை விரித்தபடி, பிச்சை கேட்கிறவர் போலப் பக்கத்தில் இருந்தார். நோ வரும்போது நான் அந்தக் கையை நொறுக்கினேன். விட்டபோது விட்டேன். சுபா என் முகத்துக்கு நேரே, எனக்குத் தெரிகிற இடத்திலேயே நின்றாள். ஈரத் துணியைக் காட்டி, "நெத்தியில வைக்கட்டோ?" என்பாள். ஒவ்வொரு தரமும் கேட்டாள். ஒருதரம் "ஓம், வையடி, உயிரை வாங்காதை!" என்று கத்தினேன். அடுத்த தரமும் கேட்டாள்.

மத்தியானம் தாண்டிய பிறகு மெசினின் சத்தம் மாறியது. டக் டக் என்று ஓடிக்கொண்டிருந்த பிள்ளையின் துடிப்பு மெதுவாகியது. முதல் தடவை கேட்ட அதே சத்தம். கதவு திறந்தது, ஆட்கள் வந்தார்கள், புதிதாக ஒரு டொக்டர், பெண். எல்லோரும் விரைந்தார்கள். யாரோ என் வலது முழங்காலைப் பிடித்தார்கள். எனக்குக் கூரை தூரப் போகத் தொடங்கியது.

போகிறேன் என்று எனக்கே தெரிந்தது. ஐயோ, இந்தமுறையும் போகிறேன், இந்தப் பிள்ளையும் நான் இல்லாமல் பிறக்கப் போகிறது. சுபாவைப் பார்த்தேன். சொல்லடி, அவர்களுக்குச் சொல்லு, உனக்கு எல்லாம் தெரியுமே. கண்ணாலேயே அவளைக் கெஞ்சினேன். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அவள் சொல்லவில்லை. ஆங்கிலத்தில், "டொக்டர், இவ ஏதோ சொல்லப் பாக்கிறா" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தடித்த நாக்கைப் புரட்டி, அடிவயிற்றில் இருந்து கத்தினேன்.

"நில்லுங்கோ!"

தமிழில்தான் வந்தது. அந்த அறையில் ரமணனையும் சுபாவையும் தவிர யாருக்குத் தமிழ் தெரியும்? ஆனால் எல்லோரும் நின்றார்கள். முழங்காலில் இருந்த கை எடுபட்டது. டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். அவர் அப்போதுதான் என் முகத்தை முதல் முதலாகப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன், என்னைப் பிடிக்காதீர்கள், காலை நானே வைத்துக்கொள்வேன், தொடுவதற்கு முன் சொல்லுங்கள்.

"சரி" என்றார். "பிள்ளை இப்போதே வெளியே வரவேண்டும். கிண்ணம் போன்ற ஒரு கருவியைப் பிள்ளையின் தலையில் வைக்கப் போகிறேன். அழுத்தமாக இருக்கும். நான் தொடட்டுமா?"

"ஓம்" என்றேன். "யெஸ்" என்றும் சொன்னேன். கால்களை நானே விரித்து நானே பிடித்தேன். நொந்தது, கடவுளே, அப்படி நொந்தது. வார்டே இடிய நான் போட்ட சத்தம் அடுத்த ஊரான யூனியன்வில்வரை கேட்டிருக்கும். ஒருவரும் என்னைச் சத்தம் போடாதே என்று சொல்லவில்லை. அந்த நோ முழுவதற்குள்ளும் நான் இருந்தேன். தலை வந்தது தெரிந்தது. தோள் வழுகியது தெரிந்தது. பிறகு சூடாய், ஈரமாய், என் நெஞ்சில் ஒன்று. மகன். ஒரு கையை என் கழுத்துக்குக் கீழே வைத்து, இடப்பக்கம் முகத்தைத் திருப்பினான். நான் முகர்ந்தேன். இரும்பும் மாவும் கலந்த ஒரு மணம். நான் அங்கே இருந்தேன்.

கொஞ்ச நேரம்தான் தந்தார்கள். காலம் முந்திய பிள்ளை, மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டான், குறைமாதப் பிள்ளைகளின் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். என்னைப் போக விடவில்லை. மக்னீசியம் இன்னொரு நாள் ஓடவேண்டும், அதுவரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. பிள்ளை பெற்ற வயிறு காலியாக, பிள்ளை வேறு மாடியில். ரமணன் மேலே போய் வந்து போனை நீட்டினார். "இஞ்சை பாரும், வடிவாய் நித்திரை கொள்ளுறான்."

"கொண்டுபோங்கோ அங்கால. எனக்குப் படம் வேண்டாம்."

"என்னப்பா நீர்…"

"ஒரு பிள்ளையைப் போனில பாத்தது காணும். இவனை நான் நேரில பாப்பன்."

அவர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தார். அந்த ஒரு நாள் போலொரு நாளை நான் கண்டதில்லை. தாகம் மாதிரி இருந்தது. மருந்து முடிந்தவுடன் சக்கர நாற்காலியில் கொண்டுபோய் அவனை என் கையில் தந்தார்கள். அதே இரும்பும் மாவும். எனக்கு மணம் மாறாமல் ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருக்கிறதே என்றுதான் அழுதேன்.

நான் வார்டில் இருந்த கடைசி நாளில் மாமி மிதுனாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். தம்பியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னாள். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "அம்மா, பேபி வரேக்க நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"கத்தினன். பிறகு மணந்து பாத்தன்."

"நான் வரேக்க?"

வழக்கமாகச் சொல்லும் கதை வாய்வரை வந்தது. என்ர தங்கம் எண்டு கொஞ்சினன், நீங்கள் என்னைப் பாத்துச் சிரிச்சனீங்கள். அவளுக்கும் மனப்பாடம். ஆனால் உண்மையான முதல் நாள் எப்படியிருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்ல நா எழவில்லை.

"நீங்கள் வரேக்க அம்மாவுக்குச் சரியான வருத்தம், செல்லம். அம்மா உங்களை வடிவாப் பாக்கேல்லை. எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை."

மாமி கதவடியில் நின்று என்னைப் பார்த்தார். மிதுனா யோசித்தாள். "யூ மிஸ்ட் இற்? தவற விட்டிட்டீங்களோ?"

"ஓம்."

அவள் அழவில்லை. ஜக்கெட்டைக் கழற்றிக் கீழே போட்டாள். சப்பாத்தைக் கழற்றினாள். கட்டிலில் ஏறி, "அம்மா, படுக்கட்டோ?" என்று கேட்டுவிட்டு என் நெஞ்சில் குப்புறப் படுத்தாள். ஆறு வயதுப் பிள்ளை, கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. தையல் போட்ட இடம் நொந்தது. கையை மடக்கித் தன் கன்னத்துக்குக் கீழே வைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஓகே அம்மா. இப்ப பாருங்கோ."

பார்த்தேன். உச்சியை முகர்ந்தேன், மாமி வைத்த நல்லெண்ணெய் மணத்தது. இடது காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மச்சம். தலை இழுக்கும்போதெல்லாம் நான் பார்க்கிற மச்சம்தான். அது பிறந்த அன்றைக்கே இருந்ததா, பிறகு வந்ததா என்று எனக்குத் தெரியாது.